நைட்ல ஒரு சிஸ்டருக்கு எத்தனை பெட்? படிச்சதும் பார்த்ததும்

பாலாறு_சிஸ்டர் | செவ்வாய், காலை 10.20

நைட் முடிச்சு வந்து குளிச்சு சாப்பிட்டு படுத்தும் தூக்கம் வரலை. அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

வேலூர்ல ஸ்டாஃப் நர்ஸ். 16 வருஷ சர்வீஸ். எந்த ஆஸ்பத்திரின்னு யாரும் கேட்காதீங்க. அடுத்த மாசம் எங்க இன்-சர்வீஸ் வகுப்புல (வேலையில இருக்கிற நர்ஸுங்களுக்கு நடத்தற வகுப்பு) நான் ஒரு தலைப்பு எடுக்கணும். "விட்டுப்போகிற கவனிப்பு" எடுத்திருக்கேன். செய்ய வேண்டியதுன்னு நமக்கே தெரிஞ்சிருந்தும் ஒரு ஷிஃப்ட்ல செய்யாம விட்டுப்போறது. இதைப் பத்தி உலகம் முழுக்க நர்ஸுங்களே நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. படிக்கப் படிக்க, எங்க வார்டு ஜன்னலுக்கு வெளிய யாரோ நின்னு பார்த்து எழுதின மாதிரி இருக்கு.

நேத்து ராத்திரி நடந்ததை முதல்ல சொல்லிடறேன். 34 பெட். ரெண்டு பேர், நானும் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆன ஒரு பொண்ணும். 17ம் நம்பர்ல குடியாத்தம் பக்கத்துப் பெரியவர், பக்கவாதம், வலது கை கால் வரலை. படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். சார்ட்ல இப்ப போய்ப் பார்த்தீங்கன்னா "2.00 – இடப்பக்கம்"னு எழுதி என் இனிஷியல் இருக்கும்.

திருப்பலை.

ரெண்டு மணிக்கு 9ம் நம்பருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) இறங்குது. ஜூனியர் பொண்ணு ரத்தம் வாங்க பிளட் பேங்குக்குப் போயிருந்தா. டூட்டி டாக்டர் வந்து, ஆக்சிஜன் மாத்தி, எக்ஸ்ரேக்கு அனுப்பி, நான் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தப்ப நாலு நாற்பது. அப்பதான் பெரியவரைத் திருப்பினேன். ஆறு மணிக்கு உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் ரொப்பினேன், ரெண்டு மணிக் கட்டம் உள்பட. இதை 16 வருஷமா எல்லாரும் செய்யறோம், ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை.

பியட்ரிஸ் காலிஷ்னு ஒரு அமெரிக்க நர்சிங் பேராசிரியை, 2006ல நர்ஸுங்களைக் கூட்டமா உட்கார வச்சு "எதெல்லாம் விட்டுப்போகுது?"ன்னு கேட்டாங்க. ஒன்பது விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சாம். எழுப்பி நடக்க வைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, நேரத்துக்கு ஊட்டறது, உடம்பு துடைச்சு சுத்தம் பண்றது, விளக்கிச் சொல்றது, வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு பண்றது, ஆறுதலா ரெண்டு வார்த்தை, உள்ள போனது வெளிய வந்தது எழுதற ஐ.ஓ. சார்ட், அப்புறம் சும்மா ஒரு கண்ணு வச்சுக்கறது. ஊசி மருந்து இந்தப் பட்டியல்ல இல்லை பாருங்க. மருந்துக்குக் காலையில ரவுண்ட்ஸ்ல கேள்வி வரும். ஆறுதலுக்கு எந்த ரவுண்ட்ஸ்ல யார் கேட்கப்போறாங்க?

அமெரிக்க நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா எய்க்கன் குழுவோட 2002 கட்டுரை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினா ஆபரேஷன் நோயாளி 30 நாளுக்குள்ள சாகற வாய்ப்பு 7% கூடுது. அப்ப 17 பேருக்கு ஒரு நர்ஸ்னா என்ன கணக்கு? யாராவது போட்டுச் சொல்லுங்க. இன்னொண்ணு, நேரம் பத்தலைன்னா நீங்க முதல்ல விடறது எது? பேரை மறைச்சுத்தானே எழுதறோம், உண்மையைச் சொல்லுங்க.


கொணவட்டம்காரன் | செவ்வாய், மதியம் 12.05

சிஸ்டர் தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க நைனாவ வச்சிக்கினு போன வருஷம் பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். ராத்திரி ட்ரிப்ஸ் முடிஞ்சி ட்யூப்ல ரத்தம் ஏறிக்கினு கீது, போயி கூப்டா "போங்க வர்றேன்"னாங்க. இருவது நிமிஷம் ஆச்சி. திரும்பப் போயி பாத்தா அந்தம்மா ஃபோன நோண்டிக்கினு கீறாங்க. நீங்க இன்னாடான்னா அமெரிக்கா, பர்சன்ட்டுன்றீங்க.


பாலாறு_சிஸ்டர் | செவ்வாய், மதியம் 12.40

அண்ணா, தப்பா நினைக்கலை. ஃபோன்ல டூட்டி டாக்டருக்கு லேப் ரிப்போர்ட் படம் எடுத்து அனுப்பறது, மருந்து எத்தனை எம்.எல்.னு கணக்குப் போடறது எல்லாம் உண்டு. ரீல்ஸ் பார்க்கிறவங்களும் இருக்காங்க, இல்லேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த இருபது நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க அப்பா படுத்தப்ப நானும் கவுன்டர் முன்னாடி நின்னவதான்.


காட்பாடி_கணக்கு | செவ்வாய், இரவு 9.15

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மனைவி நர்ஸ், ஆகவே வீட்டில் தினம் இதே பேச்சுத்தான்.

// அப்ப 17 பேருக்கு ஒரு நர்ஸ்னா என்ன கணக்கு? //

அந்தக் கணக்கைப் போடாதீர்கள் சிஸ்டர், தவறாகிவிடும். 2002 ஆய்வு பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. அங்கே ஒரு நர்ஸுக்கு 4 பேர் என்பதிலிருந்து 8 பேர் வரைதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 4 பேர் இருந்த இடத்தையும் 8 பேர் இருந்த இடத்தையும் வைத்தால் 31% வித்தியாசம். அதற்கு அப்பால் கோடு எப்படிப் போகிறது என்பதை அந்தத் தரவு காட்டாது. செங்குத்தாக ஏறலாம், ஒரு கட்டத்தில் படுத்தும் விடலாம். 17க்கு நீட்டுவது, காட்பாடியிலிருந்து அரக்கோணம் வரைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு சென்ட்ரலில் போய் இறங்குவது மாதிரி.

இன்னொன்று. அது ஒரே சமயத்தில் எடுத்த படம். நர்ஸ் குறைவாக இருக்கும் ஆஸ்பத்திரியில் வேறு குறைகளும் இருக்கலாம், சாவுக்கு அவைகூடக் காரணமாகலாம். 2014இல் இதே குழு 9 ஐரோப்பிய நாடுகளில் 4,22,730 அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துப் பார்த்து மறுபடி அதே 7%க்கு வந்தது. எண் ஒத்துப்போனது ஆச்சரியம்தான். ஆனாலும் அதுவும் படம்தான்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியக் குயின்ஸ்லாந்து ஆய்வு. 2016இல் அந்த மாநிலத்தில் சில ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் சட்டம் வந்தது, பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர். சட்டம் பொருந்திய 27 ஆஸ்பத்திரிகளையும் பொருந்தாத 28 ஆஸ்பத்திரிகளையும் முன்னும் பின்னும் அளந்து 2021இல் வெளியிட்டார்கள். சட்டம் வந்த இடத்தில் இறப்பும் குறைவு, வீட்டுக்குப் போனவர் திரும்பி வருவதும் குறைவு, படுக்கையில் கிடக்கும் நாளும் குறைவு. கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம். உங்கள் வகுப்பில் நிர்வாகத்து ஆட்களும் உட்காருவார்கள் என்றால் 7%ஐ விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். சாவுக் கணக்கில் தலையாட்டுபவர்கள் செலவுக் கணக்கில் பேனா எடுப்பார்கள்.


ஓய்வுபெற்ற_வெள்ளைப்புடவை | செவ்வாய், இரவு 10.02

பாலாறு கண்ணு, ரெண்டு மணிக் கட்டத்தை ரொப்பினதை எழுத ஒரு துணிச்சல் வேணும். நாங்க 1974ல பயிற்சிக்குச் சேர்ந்தப்ப சாயந்திரம் நாலு மணின்னா வார்டு முழுக்க ஸ்பிரிட் வாசனைதான். தட்டுல ஸ்பிரிட், பவுடர், துண்டு. ஒவ்வொரு பேஷண்ட்டா குப்புறத் திருப்பி முதுகு தேய்ச்சு விடணும். ராத்திரி ஒன்பதுக்கு இன்னொரு தடவை. வார்டு சிஸ்டர் பின்னாடியே வந்து முதுகைத் தொட்டுப் பார்ப்பாங்க, பவுடர் இருக்கான்னு. கட்டத்துல எழுதி ஏமாத்த முடியாது. கையில பவுடர் ஒட்டணும்.

அதை ரொம்பப் பெருமையா நினைச்சுக்கிட்டிருந்தேன். என் பேத்தி நர்சிங் படிக்கிறா. போன வருஷம் சொல்றா, "ஆயா, எலும்பு துருத்தின இடத்துல சிவந்திருந்தா தேய்க்கவே கூடாது, உள்ள இருக்கிற சதை இன்னும் கெட்டுப்போகும், இப்ப கைட்லைன்ல அப்படித்தான்"னு. நாலு மணி வாசனையெல்லாம் ஒரு நிமிஷத்துல போச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். தேய்ச்சது தப்பா இருக்கலாம், ஆனா தேய்க்கிற சாக்குல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஒவ்வொரு முதுகையும் கண்ணால பார்த்தோமே. அந்தப் பார்வை இப்ப எந்தக் கட்டத்துல இருக்கு?

காட்பாடி ஐயா, அந்த 2014 கட்டுரையில இன்னொரு எண்ணும் இருக்கு, என் பேத்திதான் காட்டினா. டிகிரி நர்ஸுங்க 10% கூடினா சாவு வாய்ப்பு 7% குறையுதாம். நான் டிப்ளமோ. கொஞ்சம் குத்துச்சு, மறைப்பானேன். நம்ம ஊர்ல சி.எம்.சி.யை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா காலத்துல 1909ல நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்சு, 1946லேயே டிகிரியும் வந்துருச்சு. டெல்லியிலயும் அதே வருஷம். வேலூர்க்காரங்களுக்கு இந்த விஷயத்துல ஐரோப்பா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.


ஆம்பூர்_தம்பி | புதன், காலை 8.50

ஆண் நர்ஸ். 24 வயசு. "பிரதர் கொஞ்சம் வாங்க"ன்னுதான் என் பேரே. இப்பதான் நைட் முடிஞ்சு பஸ்ல உட்கார்ந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிக்கணும்.

நான் முதல்ல விடறது பேசறதைத்தான் அக்கா. நாங்க இருக்கிறது 40 பெட் ஆஸ்பத்திரி, பேர் வேணாம். ராத்திரி நான் ஒருத்தன், கீழ கேஷுவாலிட்டிக்கு ஒருத்தர். சேரும்போது ரெண்டு வருஷ பாண்டு, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் அவங்க பீரோவுல. சம்பளம் 13,500. சுப்ரீம் கோர்ட் சொல்லி 2016ல மத்திய அரசு போட்ட குழு, 50 பெட்டுக்குக் கீழ இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு, 200 பெட்டுக்கு மேல இருந்தா கவர்ன்மென்ட் நர்ஸுக்குச் சமமா தரணும்னுச்சு. ப்ரின்ட் எடுத்துக் காட்டினேன். "பரிந்துரைதானேப்பா"ன்னு சிரிச்சாரு.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு ஆராய்ச்சி மேல கோபம். 12 மணி நேர ஷிஃப்ட் கெட்டது, ஐரோப்பாவுல 12 நாட்டுல 31,627 நர்ஸுங்களைக் கேட்டதுல 12 மணி நேரம் பார்க்கிறவங்கதான் அதிகமா சலிச்சுப்போறாங்க, வேலையை விட நினைக்கிறாங்கன்னு 2015ல ஒரு கட்டுரை. சரிதான். ஆனா எனக்கு ஷிஃப்டை எட்டு மணி நேரம் ஆக்கினா வாரத்துக்கு ஆறு தடவை ஆம்பூர்–வேலூர் போயிட்டு வரணும். ஒரு ஷிஃப்ட் ராத்திரி பத்து மணிக்கு முடியும். வீட்டுக்குப் போய்ச் சேர நடுராத்திரி ஆயிடும். அம்மா ஷூ கம்பெனியில வேலை, காலைல ஆறு மணிக்கே எழுந்து கிளம்பணும், எனக்காக முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். 12 மணி நேரம்னா நாலு நாள்ல முடிஞ்சிரும். பஸ்ஸை எந்த ஆராய்ச்சியிலயும் சேர்க்கலை.


லீட்ஸ்ல_ஒரு_வேலூர் | புதன், மதியம் 1.30

தம்பி, நான் இங்க வந்து ஆறு வருஷம். இங்கயும் பன்னிரண்டரை மணி நேரம்தான். நானும் உன் கட்சிதான், மூணு நாள்ல முடிச்சுட்டா மத்த நாள் பிள்ளைகளோட இருக்கலாம். ஆனா மூணாவது நாள் கடைசி ரெண்டு மணி நேரம் நான் எப்படி மருந்து எடுக்கிறேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரே லேபிளை மூணு தடவை படிப்பேன், மனசுல நிக்காது. "எனக்குப் பிடிக்குது"ங்கறதும் "நோயாளிக்கு நல்லது"ங்கறதும் வேற வேற.

வெளிநாடு வந்தா எல்லாம் சொர்க்கம்னு யாரும் நினைக்காதீங்க. பகல்ல எனக்கு எட்டு பேர். வார்டு வாசல்ல ஒரு போர்டு உண்டு, இன்னிக்கு எத்தனை நர்ஸ் இருக்கணும், எத்தனை பேர் இருக்காங்கன்னு எழுதி வைக்கணும். நோயாளி வீட்டார் வந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. ரெண்டு எண்ணும் ஒண்ணா இருந்த நாளை விரல் விட்டு எண்ணிரலாம். பீட்டர் கிரிஃபித்ஸ்னு ஒரு நர்சிங் பேராசிரியரோட குழு இங்க ஒரு ஆஸ்பத்திரியில 1,38,133 அட்மிஷனை நாள் நாளா பிரிச்சுப் பார்த்தாங்க. ஒருத்தர் வந்த முதல் அஞ்சு நாள்ல, வார்டு வழக்கமா வச்சிருக்கிற அளவுக்குக் கீழ நர்ஸ் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் சாவு அபாயம் 3% ஏறுது. கணக்கு ஐயாவுக்கு இது பிடிக்கும், ஒரே வார்டோட நல்ல நாளையும் கெட்ட நாளையும் ஒப்பிடறது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. இங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல பேஷண்ட்கூட யாருமே இல்லை. தண்ணி குடுக்க, போர்வையை இழுத்துவிட, "சிஸ்டர் இவருக்கு ஏதோ மாதிரி இருக்கு"ன்னு ஓடி வர ஒரு ஆள் கிடையாது. வேலூர்ல ஒவ்வொரு பெட்டுக்குக் கீழயும் ஒரு ஆள் இருந்தாங்களே! வந்த புதுசுல அந்த வெறுமைதான் எனக்குப் பயமா இருந்துச்சு.


ஆரணி_பட்டு | புதன், மாலை 6.45

அந்த பெட்டுக்குக் கீழ இருந்த ஆள் நான்தான்.

எங்க மாமியாருக்குப் பக்கவாதம் வந்து 19 நாள் வேலூர்ல. தறியை நிறுத்திட்டு வந்தேன். பகல்ல பாயைச் சுருட்டி வெளிய வச்சிடணும், ராத்திரி பத்து மணிக்கு மேல விரிக்கலாம். முதல் நாள் எனக்குப் பெட்பேன் எப்படி வைக்கிறதுன்னே தெரியாது. 19ம் நாள் மூக்குக் குழாய்ல கஞ்சி விடறது, யூரின் பேக் காலி பண்ணி எத்தனை எம்.எல்.னு பார்த்துச் சொல்றது, திருப்பிப் படுக்க வைக்கிறது எல்லாம் தெரியும். பக்கத்து பெட் அம்மா கொல்கத்தாவுலேர்ந்து வந்தவங்க, கூட அவங்க பையன் மட்டும். அந்த அம்மாவுக்கும் நான்தான் பெட்பேன் வைப்பேன்.

ஒரு சிஸ்டர் மட்டும் எனக்கு உட்கார்ந்து சொல்லிக்குடுத்தாங்க. "அக்கா, குழாய்லதான சாப்பாடு போகுதுன்னு வாயை விட்டுராதீங்க, காலையிலயும் ராத்திரியும் சின்ன ப்ரஷ்ல தேய்ச்சு விடுங்க, வாய்ல இருக்கிற அழுக்கு உள்ள இறங்கினா சளிக்காய்ச்சல் வரும்"னு. மத்தவங்க "அட்டெண்டர், இதைப் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கோபம் இல்லை, ஆனா நான் அட்டெண்டர் இல்லையே, மருமகள்தானே. அதுக்குச் சம்பளம் வேற இல்லை 🙂


பாலாறு_சிஸ்டர் | புதன், இரவு 7.10

ஆரணி அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் என் தலைப்பே மாறிப்போச்சு.

ரெண்டு நாளா எனக்கு ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இத்தனை கட்டுரையிலயும் நர்ஸ் இருக்காங்க, உதவியாளர் இருக்காங்க, நோயாளி இருக்காங்க. பாய் போட்டுப் படுத்திருக்கிற மருமகள் இல்லை. நேத்து நான் திருப்பாம விட்ட பெரியவரை அவர் மருமகள் திருப்பியிருக்கலாம், எனக்குத் தெரியாது. கேட்கலை. எங்க 34 பெட் வார்டு ரெண்டு நர்ஸை வச்சு ஓடுதுன்னா அது 34 மருமகள், மகள், தம்பி, மனைவி தலையில ஓடுது. வடநாட்டுலேர்ந்து தனியா வந்த நோயாளிகிட்டதான் அது அப்பட்டமா தெரியும். எனக்குத் தெரிஞ்ச பெங்காலி மொத்தமே "பேத்தா கொத்தாய்?", வலி எங்கேங்கறது மட்டும்தான். அதுக்கு அவங்க சொல்ற நீளமான பதில் எனக்குப் புரியாது. காலிஷ் பட்டியல்ல இருக்கே "விளக்கிச் சொல்றது", அது அந்த பெட்ல மொத்தமா போச்சு.

ப்ரஷ் விஷயம் அந்த சிஸ்டர் சொன்னது சரி. 2024ல வந்த ஒரு தொகுப்பாய்வுல 15 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்திருக்காங்க, தினம் பல் தேய்ச்சு விட்டவங்களுக்கு ஆஸ்பத்திரியில வர்ற நிமோனியா மூணுல ஒரு பங்கு குறைவு. தெளிவா பலன் தெரிஞ்சது வென்டிலேட்டர்ல இருந்தவங்களுக்குத்தான். நாளுக்கு ரெண்டு தடவை போதும், மூணு தடவை தேய்ச்சா கூடுதலா ஒண்ணும் இல்லை. பெட்டிக்கடையில கிடைக்கிற ப்ரஷ்!


காட்பாடி_கணக்கு | புதன், இரவு 9.40

பாலாறு சிஸ்டர், எனக்குத் தெரிந்து அந்த மருமகள் ஒரே ஒரு பெரிய ஆய்வில் இருக்கிறார். அதுவும் இந்தியாவில் நடந்தது. பக்கவாத நோயாளிகள், 14 ஆஸ்பத்திரிகள், 2017இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு, கூட இருக்கும் வீட்டு ஆளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் இருக்க முடியாதவர்களும் இந்தப் பக்கம் 47%, அந்தப் பக்கமும் 47%.

இதை வைத்து மருமகள் செய்வது வீண் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வழக்கமான கவனிப்பு என்று எழுதியிருக்கும் பக்கத்திலும் பாயில் மருமகள் இருந்தார். அவர் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தார், ஒப்பீட்டில் வித்தியாசம் தெரியாமல் போக அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் ஒன்று உறுதி. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டோம், ஆகவே ஆள் குறைத்துக்கொள்ளலாம் என்று எந்த நிர்வாகமும் இந்த ஆய்வைக் காட்ட முடியாது.

உங்கள் இரண்டு மணிக் குற்ற உணர்ச்சிக்கும் ஒன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 3 மணி நேரத்துக்கு, 4 மணி நேரத்துக்கு என்று மூன்றாகப் பிரித்துத் திருப்பிப் பார்த்தார்கள், 2013. புண் வருவதில் வித்தியாசமில்லை.


பாலாறு_சிஸ்டர் | புதன், இரவு 9.55

அங்க அடர்த்தியான ஃபோம் மெத்தை, ஐயா, அதையும் படிச்சேன். எங்களுது தேங்காய் நார் மேல ரெக்சின். மே மாச வேலூர் வெயில்ல அதுல ஒரு மணி நேரம் படுத்தாலே முதுகு நனைஞ்சு ஒட்டிக்கும். ஆனாலும் நன்றி. இன்னிக்குத் தூங்குவேன்.


ஆம்பூர்_தம்பி | வியாழன், காலை 9.05

ஆராய்ச்சி வேலையைக் குறைக்கவும் செய்யும்னு ஒண்ணு சொல்றேன். நாங்க வென்ஃப்ளானை (ட்ரிப்ஸ் ஏத்தக் கையில குத்தி வைக்கிற குழாய்) மூணு நாளுக்கு ஒரு தடவை கழட்டி வேற இடத்துல குத்தணும்னு ரூல். கிளாரி ரிக்கார்டுன்னு குயின்ஸ்லாந்து நர்ஸ் பேராசிரியை, 3,283 பேரை வச்சு 2012ல காட்டிட்டாங்க, வலி வீக்கம் வந்தா மட்டும் மாத்தினா போதும், ரெண்டு பக்கமும் நரம்பு வீங்கினது 7%தான். எங்க இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட காட்டினேன், படிச்சாங்க, ஒத்துக்கிட்டாங்க. ஆனா தினமும் ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் அந்த இடத்தைக் கண்ணால பார்த்து எழுதணும்னு கண்டிஷன். சரின்னுட்டேன். நரம்பே கிடைக்காத பாட்டிங்க கையை இப்ப நான் கம்மியா குத்தறேன்.


கொணவட்டம்காரன் | வியாழன், காலை 11.20

34 பேருக்கு ரெண்டு பேருன்னா கெவர்மெண்ட் கேக்காதா? கணக்கு ஏதும் கெடையாதா?


காட்பாடி_கணக்கு | வியாழன், மதியம் 2.00

உண்டு. 1980களின் கடைசியில் மத்திய அரசின் உயர்நிலைக் குழு ஒன்று மூன்று படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, ஷிஃப்டுக்கு ஒன்பது படுக்கைக்கு ஒருவர் என்று. ஒருவரே 24 மணி நேரமும் நிற்க முடியாதே. விடுப்புக்காக 30% ஆள் தனியாக. அதன்படி பார்த்தால் உங்கள் 34 படுக்கைக்கு இரவில் நான்கு பேர். சட்டம் இல்லை, பரிந்துரை. ஆம்பூர் தம்பிக்குச் சிரித்தார்களே, அதே சிரிப்புத்தான் இதற்கும்.

அரசுப் பக்கமும் கதை வேறில்லை. 2015இல் ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாயில் தொடங்கியது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும்.


மட்டுறுத்துநர் | வியாழன், மாலை 4.30

இழை நல்லபடியா போகுது. தனிமடலில் ரெண்டு பேர் ஆஸ்பத்திரி பேர் கேட்டு நச்சரிப்பதாகப் புகார். வேண்டாம்.


லீட்ஸ்ல_ஒரு_வேலூர் | வியாழன், இரவு 11.50

பாலாறு அக்கா, ஒரு யோசனை. அடுத்த நைட்ல அந்தக் கட்டத்தைப் பொய்யா ரொப்பாதீங்க. "திருப்பவில்லை"ன்னு எழுதுங்க. எண்ணிக்கை அங்கதான் ஆரம்பிக்கும்.


ஓய்வுபெற்ற_வெள்ளைப்புடவை | வெள்ளி, காலை 6.15

லீட்ஸ்ல உட்கார்ந்து சொல்றது சுலபம் கண்ணு. இங்க மெமோ யாருக்கு வரும்? பாலாறு, முதல்ல உங்க இன்சார்ஜ்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு எழுது.


பாலாறு_சிஸ்டர் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, மதியம் 3.10

இடையில வர முடியலை, ஜூனியர் பொண்ணுக்கு டெங்கு, அவ நைட்டையும் நானே பார்த்தேன்.

வெள்ளைப்புடவை அம்மா சொன்ன மாதிரி இன்சார்ஜ்கிட்ட போனேன். "சார்ட்ல எழுதாத, நாளைக்குக் கோர்ட்டுக்குப் போற பேப்பர் அது, மாட்டறது நீதான்"னாங்க. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் டிராயர்லேர்ந்து ஒரு 80 பக்க நோட்டை எடுத்துக் குடுத்து, "இதுல எழுது, பேஷண்ட் பேர் வேணாம், பெட் நம்பரும் என்ன விட்டுப்போச்சு, ஏன் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்"னாங்க. முதல் பக்கத்துல முதல் வரியை அவங்களே எழுதினாங்க, அவங்க பார்த்த பகல் ஷிஃப்ட்ல விட்டுப்போனது. நாலே நாள்ல மூணு ஷிஃப்ட்டும் எழுத ஆரம்பிச்சிருச்சு. எதிர்பார்க்காதது என்னன்னா, மருந்தைத் தாமதமா குடுத்ததையும் சில பேர் எழுதியிருந்தாங்க. நான் மருந்து அந்தப் பட்டியல்லயே இல்லைன்னு உங்ககிட்ட பெருமையா சொல்லியிருந்தேன்.

போன புதன் வகுப்புல பேசினேன். குயின்ஸ்லாந்து சொன்னேன், 47% சொன்னேன், ப்ரஷ் சொன்னேன், ஆரணி அக்காவைப் பேர் சொல்லாம சொன்னேன். கடைசியில நோட்டைக் காட்டினேன். நிர்வாகத்து மேடம் வாங்கிப் புரட்டினாங்க, "இது என்கிட்ட இருக்கட்டும்"னாங்க. இன்னும் திரும்பி வரலை. வெள்ளிக்கிழமையிலேர்ந்து நைட்டுக்கு மூணாவது ஆள் போட்டிருக்காங்க, மாசக் கடைசி வரைக்கும்னு சொல்லி. இன்சார்ஜ் சிஸ்டர் வேற நோட்டு வாங்கி வச்சுட்டாங்க.


கொணவட்டம்காரன் | ஞாயிறு, மாலை 5.00

சிஸ்டர், அந்த 17ம் நம்பரு பெரியவரு இன்னா ஆனாரு?


பாலாறு_சிஸ்டர் | ஞாயிறு, மாலை 5.25

வீட்டுக்குப் போயிட்டார் அண்ணா. முதுகுல புண் இல்லை. இடது குதிகால்ல மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவு சிவப்பு, அமுக்கினா வெளுக்கலை. மருமகளைக் கூப்பிட்டு, தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழ வச்சு, குதிகால் எதுலயும் படாம அந்தரத்துல நிக்கணும்னு காட்டினேன். அந்தப் பொண்ணு ஃபோன்ல படம் எடுத்துக்கிச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல அதை எழுத இடம் இல்லை. பின்பக்கம் திருப்பி எழுதிக் குடுத்தேன்.